வால் வெட்டாத குரல்

மாங்குளம்
02.06.2025

அன்புள்ள தம்பி கோகுலன்,

நாங்கள் சுகம். நீயும் மனைவி பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரிலிருந்து தப்பி வெயிலைக் கண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைக்காமல் இதென்ன ஈமெயிலில் கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் பாதியில் அழுகையை மறைக்க நான் இருமல் என்பேன். நீ "லைன் சரியில்லை அண்ணை" என்பாய். இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

நல்ல செய்தி முதலில். யதுர்ஷிகாவுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை விதுசன், நெடுங்கேணிப் பெடியன், விவசாயக் கந்தோரில் வேலை. ஓகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. நீ வரமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கார்ட்டில் உன் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வாறேன். ஊரில் எல்லாருடைய கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். என் மகளின் கலியாணத்துக்கு உன் அக்கா நேசமலரின் குரல் கேட்க வேண்டும். கடைசி யுத்தத்தில், வலைஞர்மடத்தில் அவளைத் தவறவிட்டபோது யதுவுக்கு ஐந்து வயது. போன கிழமை சமைத்துக்கொண்டு நின்றவள் திடீரென்று, "அப்பா, அம்மா எப்படிக் கதைப்பா?" என்று கேட்டாள். நான் செய்து காட்டப் பார்த்தேன். வரவில்லையடா. என் வாய்க்குள் ஒரு குரலும் இல்லை.

கலியாண அல்பம், கசெற்றுகள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. மிச்சம் இருக்கக்கூடியது ஒன்றுதான். 2003இல், சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில், உருத்திரபுரத்து வீட்டில் நீ நேசத்தை இருத்தி ஒவ்வொரு சுரமாக 'ஆ' பாட வைத்து அந்தப் பழைய சாம்ப்ளர் பெட்டிக்குள் ஏற்றினாயே. நான் அன்று பற்றரி வாங்க வவுனியாவுக்குப் போயிருந்தேன். பிறகு இரண்டு வருசம் அந்தக் குரலைக் கீபோட்டில் வாசித்துக் கோயில் பாட்டுகளுக்கெல்லாம் கோரஸ் போட்டோம். அந்தக் குரல் இருந்த டிஸ்க் தட்டை நீ கனடா போகும்போது கொண்டு போனாய். இருக்கிறதா? இருந்தால் அதை இப்போதைய மென்பொருளில் ஏற்றி, தாலி கட்டுகிற நேரம் ஒரு சின்ன ராகமாக அவளைப் பாடவைப்பேன். வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

அன்புடன்,
ராஜரத்தினம்


ஸ்காபரோ
09.06.2025

அன்பும் மதிப்பும் நிறைந்த ரத்தினம் அண்ணைக்கு,

கலியாணச் செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். யதுவைத் தொட்டிலில் பார்த்த எனக்கு நம்பவே முடியவில்லை.

தட்டு இருக்கிறது. நிலக்கீழ் அறையில் பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தது. கணினியில் போட்டேன். உள்ளே ஒன்றுமில்லை என்றது. பயந்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அந்தப் பெட்டிக்குத் தட்டில் எழுதுவதற்கு அதன் சொந்த முறை இருந்தது, இன்றைய கணினிக்கு அது வாசிக்கத் தெரியாது. பழைய தட்டுகளைப் படிக்கும் மென்பொருளைத் தேடிப் போட்டபோது எல்லாம் எழும்பி வந்தது: NESAMALAR 01 முதல் NESAMALAR 24 வரை. பெட்டியில் ஒரு பெயருக்குப் பன்னிரண்டு எழுத்துதான் பிடிக்கும், ஞாபகமா?

தட்டின் முழுப் பிரதியையும் அந்த மென்பொருளையும் இத்துடன் அனுப்புகிறேன். ஆனால் ஒரு விஷயம் அண்ணை. 'ஆ' நீளம் போதாமல் நாங்கள் ஒவ்வொரு குரலிலும் நடுத்துண்டு ஒன்றைக் குறித்து, கீபோட்டின் கட்டையை அமர்த்திப் பிடிக்கும்வரை அந்தத் துண்டே சுற்றிச் சுற்றி ஒலிக்கும்படி வைத்தோம். புதிய முறைக்கு மாற்றும்போது அந்தச் சுற்று விட்டுப்போகலாம். அது இல்லாவிட்டால் குரல் நன்றாக இருக்காது. நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். நானே மாற்றிச் சுத்தமாக அனுப்பிவிடுகிறேன். இரண்டு கிழமை தாருங்கள்.

என்றும் அன்புடன்,
கோகுலன்


மாங்குளம்
28.06.2025

அன்புள்ள கோகுலன்,

உன் இரண்டு கிழமைக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும், நான் சாதாரண ஸ்பீக்கர்காரன், சறுக்கினால் சறுக்கட்டும் என்று நானே இறங்கினேன். மூன்று நாள் தலைகீழாக நின்றேன். முதலில் பெயர்களை மட்டும் காட்டி ஒலியைத் தரமாட்டேன் என்றது. பிறகு ஒலியைத் தந்து அது எந்தக் கட்டைக்கு உரியது என்பதைத் தரமாட்டேன் என்றது. கடைசியில் இருபத்துநான்கும் வந்தன. நடுக்கட்டையை அமர்த்தினேன்.

'ஆ' என்றது.

கதிரையை விட்டு எழும்பி வெளியில் போய்விட்டேன். வீதியில் லொறி போனது, வந்தது. நல்லகாலம், அழுததை ஒருவரும் காணவில்லை. என்ரை நேசம், என்ரை நேசம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

வில்லங்கம் அதுக்குப் பிறகுதான். நீ சொன்ன சுற்று வரவில்லை. கட்டையை எட்டுச் செக்கன் பிடித்திருந்தால் 'ஆ' முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகும் பதிவு ஓடுகிறது. நீ வாலை வெட்டவில்லையடா! பழைய பெட்டியில் நடுத்துண்டே சுற்றியதால் அந்த வாலை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருசம் அது அங்கேயே கிடந்திருக்கிறது.

ஒரு கட்டையில் 'ஆ' முடிய, மூச்சு ஒன்று எடுத்து, "ஆறு" என்கிறாள். இன்னொன்றில் "பதினெட்டு". கலியாணத்துக்கென்று நான் கட்டிய ராகத்தை வாசித்துக் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குரல் தேய்ந்தது. பிறகு யாரோ என் காதுக்குப் பக்கத்தில், "சரியோ அண்ணை?" என்று கேட்டது. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். பாட்டை வாசிக்க வாசிக்க அது இடையிடையே கதைக்கிறது கோகுலன். கேட்டதுக்குப் பதில் போலவும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

இன்னொன்று. பதிவு செய்யாத கட்டைகளுக்குப் பக்கத்துக் குரலையே இழுத்து வைத்திருக்கிறோம் அல்லவா? மேலே போகப் போக அதே சொல்லைச் சிறுபிள்ளை சொல்கிறது. கீழே போகப் போக வயது போன ஒருத்தி சொல்கிறாள். விசர் பிடித்தவன் போல ஸ்பீக்கரையும் போட்டு, இரண்டு முழங்கையையும் கீபோட்டில் வைத்து எல்லாவற்றையும் சேர்த்து அமர்த்தினேன். பெரிய கூட்டமாகப் பாடி, பாடி முடிந்து, எல்லோரும் ஒன்றாகக் கதைத்தார்கள். யது ஓடிவந்து கதவைத் தட்டினாள்: "அப்பா, உள்ளுக்கை ஆர் அவ்வளவு பேர்?"

இரண்டு விஷயம் எனக்கு விளங்கவில்லை. நீ நேசத்துக்குத் தம்பி. "தம்பி, தம்பி" என்றுதான் அவள் உன்னைக் கூப்பிடுவாள். ஏன் "அண்ணை" என்கிறாள்? ஒரு கட்டையில், "பதினொண்டு. கெதியா முடியுங்கோ, அம்மா தேடுவா" என்கிறாள். நேசத்துக்குப் பத்து வயதிலேயே தாய் போய்விட்டா. எந்த அம்மா தேடுவா?

உடனே எழுது.
ராஜரத்தினம்


ஸ்காபரோ
30.06.2025

அன்புள்ள அண்ணை,

நான் மாற்றி அனுப்புகிறேன் என்று சொன்னேன் அல்லவா? ஏன் அவசரப்பட்டீர்கள்?

அதெல்லாம் பழைய சத்தம். அன்றைக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள். பெட்டி அதையும் பிடித்திருக்கும். ஒவ்வொரு ஒலியிலும் 'ஆ' முடிகிற இடத்தில் ஒரு வெட்டு வெட்டி, பிற்பகுதியை அழித்துவிடுங்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்று பட்டியல் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். வெட்டினால் நேசம் அக்காவின் குரல் மட்டும் அழகாக நிற்கும். கலியாணத்துக்கு அதுதானே வேண்டும்.

யதுவுக்கு ஒரு சீலை வாங்கி வைத்திருக்கிறோம். நிறம் பிடிக்குமோ தெரியாது, மெல்லிய பச்சை.

அன்புடன்,
கோகுலன்


மாங்குளம்
06.07.2025

கோகுலன்,

சீலையின் நிறத்தைப் பிறகு பார்ப்போம்.

உன் பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். இருபத்துநான்குக்கும் வெட்டுகிற இடத்தைச் செக்கன் கணக்கில் போட்டிருக்கிறாய். அப்படியென்றால் நீயும் இருபத்துநான்கின் வாலையும் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டுத்தான் வெட்டச் சொல்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்க்கிறாய், தம்பி.

நான் வெட்டவில்லை. அவள் சொல்கிற இலக்கத்தின்படி அடுக்கினேன். நீங்கள் முதலில் நடுச்சுரங்கள், பிறகு மேலே, கடைசியாகக் கீழே என்று பிடித்திருக்கிறீர்கள். அதனால்தான் கட்டை வரிசையில் கேட்டபோது கதை கலைந்து கிடந்தது. இலக்கப்படி ஓடவிட்டேன். ஒரு பகல் பொழுது அப்படியே முன்னால் வந்து இருந்தது.

"அஞ்சு. சரியோ அண்ணை?" "ஏழு. பற்றரி முடியுதெண்டால் சொல்லுங்கோ, கெதியாப் பாடுறன்." ஒன்பதில் தூரத்தில் சைக்கிள் மணி. பதினொன்றில் அம்மா தேடுவா. பதினாறில் சிரிக்கிறாள், என்னத்துக்கென்று தெரியவில்லை. பத்தொன்பதில், "என்ரை பேரும் போடுவியளோ அண்ணை?" என்று கேட்கிறாள். கேட்டதுக்கு ஒரு ஆண்குரல் சொல்கிறது: "ஓம் ஓம், கட்டாயம் போடுவன்." அது உன் குரல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபத்துநாலில், "முடிஞ்சுது. அப்ப நான் வாறன்."

முதல் நாள் இந்தக் குரலைக் கேட்டு என் நேசம் என்று அழுதேன். இப்போது நேசம் இல்லையோ என்று நினைக்கிறேன். எது எனக்குப் பயம் தெரியுமா? அது நேசம் இல்லாமல் இருப்பது ஒன்று. அது நேசமாகவே இருந்து, எனக்கு அவள் குரல் மறந்துபோயிருப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய பயம். பதினாறு வருசமாக அவள் வருவாள் என்று கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் இருக்கிறவன், அவள் வந்து கூப்பிட்டாலும் ஆர் என்று கேட்பேனோ?

உண்மையைச் சொல். இது ஆர்?

ராஜரத்தினம்


ஸ்காபரோ
15.07.2025

அண்ணை,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதி அழித்தேன்.

அது நேசம் அக்கா இல்லை. உங்களுக்கு ஒன்றும் மறக்கவில்லை.

அன்றைக்கு யது வயிற்றில். அக்கா விடிய எழும்பினதிலிருந்து சத்தி. வாந்தி எடுத்தெடுத்துத் தொண்டை புண்ணாகி ஒரு சுரமும் நிற்கவில்லை. இரண்டு பிடித்தோம், இரண்டும் பிழைத்தன. நீங்கள் அந்தப் பெட்டிக்காக எவ்வளவு அலைந்தீர்கள் என்று அக்காவுக்குத் தெரியும். "அவர் ஆசையா இருக்கிறார் தம்பி. இந்தப் பிள்ளை பாடட்டும். நான் பாடினதெண்டே இருக்கட்டும், அவருக்குச் சொல்லாதை" என்றா. அந்தப் பிள்ளை, நீங்கள் வேலைக்குப் போயிருக்கிற நேரங்களில் பாட்டுப் பழக அக்காவிடம் சைக்கிளில் வந்துபோனவள், பதினெட்டுப் பத்தொன்பது வயது இருக்கும். இரைச்சல் பதியாமலிருக்க ஜெனறேற்றரை நிறுத்திப் பற்றரியில் பதிந்தோம். பற்றரி முடிவதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் வால் வெட்ட நேரம் இருக்கவில்லை. இலக்கத்தைக் கடைசியில் சொல்லச் சொன்னதும் நான்தான். முன்னுக்குச் சொன்னால் மூச்சுக் குலையும் என்று.

பெயர் போடுகிறேன் என்று சொன்னேன். போடவில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், அவளுக்குக் கொடுத்ததைக் காப்பாற்றவில்லை. பெயர்கூட இப்போது நினைவில் இல்லை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. முகம் வருகிறது, சைக்கிள் வருகிறது, பெயர் வரவில்லை.

நீங்கள் தட்டைக் கேட்டபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகளின் கலியாணத்தில் உங்களுக்கு ஒரு குரலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். வால் இல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது என்று நினைத்தேன். என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். அக்கா எழும்பிப் போகவில்லை. முடியும்வரை அந்த அறையிலேயே, எனக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து இருந்தா.

கோகுலன்


மாங்குளம்
10.09.2025

கோகுலன்,

இரண்டு மாதமாக நான் பதில் போடவில்லை. கோபம். இப்போதும் இருக்கிறது. ஆனால் உனக்குச் சொல்லவேண்டியவை சேர்ந்துவிட்டன, வேறு ஆருக்குச் சொல்ல?

அக்கா அறைக்குள் இருந்தா என்று எழுதினாயே. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மறுபடி இருபத்துநான்கையும் சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டிக் கேட்டேன். பதினாலில் இருந்தது. அந்தப் பெட்டை "பதினாலு" என்று சொல்லி இருமுகிறாள். பின்னால், சுவர்ப் பக்கமிருந்து, கரகரத்த தொண்டையோடு ஒருத்தி: "தண்ணி குடியும் பிள்ளை."

அவ்வளவுதான், மூன்று சொல். யோசிக்க வேண்டியிருக்கவில்லையடா. முதல் சொல் முடிய முன்னமே எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு மறக்கவில்லை. எனக்கு அவளை மறக்கவில்லை.

கலியாணத்தில் ராகம் ஒன்றும் போடவில்லை. சீலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து முடிந்த பிறகு, அறைக்குள் மற்றவர்களை வெளியில் அனுப்பிவிட்டு யதுவின் காதில் ஹெட்போனை வைத்தேன். "இதுதான் அம்மா" என்றேன். கேட்டாள். திருப்பி விடச் சொன்னாள். எழும்பிப் போய்ச் செம்பில் தண்ணீர் வார்த்து, மடக்கு மடக்கென்று முழுவதையும் குடித்தாள். பிறகு மணவறைக்கு வந்தாள். உன் பச்சைச் சீலையைக் கூறைக்குப் பிறகு உடுத்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதோடு நின்றிருக்கலாம். எனக்கு என் குரல் கிடைத்துவிட்டது. ஆனால் மற்ற இருபத்துமூன்றும் ஒருவருடையதும் இல்லாமல் லப்டொப்பில் கிடந்தன. கலியாணம் முடிந்து வீடு வெறிச்சென்று போனபின், கோயில் பாட்டு ஒன்றுக்கு வேலை செய்யும்போதெல்லாம் தவறி அந்தக் கட்டை அமர்ந்துவிடும். "அம்மா தேடுவா" என்னும். நான் தனியாக இருந்து "ஓம் பிள்ளை, தேடுவாதான்" என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் இது சரிப்படாது என்று நினைத்தேன்.

கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டிலில் யுத்தத்தில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு அம்மாமார் வருசக் கணக்காக இருக்கிறார்கள். அவர்களின் கூட்டங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுவது நான்தான். லப்டொப்பையும் சின்னக் கீபோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். "உருத்திரபுரத்திலை ஒரு பிள்ளை பாடின குரல். ஆர் எண்டு தெரியேல்லை. கேட்டுப் பாருங்கோ" என்றேன். பதினொன்றைத்தான் கீபோட் முழுக்க இழுத்துப் போட்டேன்.

முதல் அம்மாவுக்கு ஊர் தருமபுரம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கிட்ட வருது தம்பி. அவளுக்குப் பதினேழு வயசு. குரல் இன்னும் கொஞ்சம் சின்னன்" என்றா. எங்கள் தொழில் உனக்குத் தெரியும். பாட வருகிறவருக்கு ஏற்றபடி கட்டையைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பதே எங்கள் வேலை. கையை ஒரு கட்டை மேலே வைத்தேன். "ஐயோ, என்ரை பிள்ளை" என்று லப்டொப்பைக் கட்டிப் பிடித்துவிட்டா.

இரண்டாவது அம்மா முல்லைத்தீவு. அவவின் மகளுக்குத் தடித்த குரலாம். இரண்டு கட்டை கீழே போனேன். அவவும் கண்டுபிடித்தா. மூன்றாவது அம்மா மாங்குளம்தான், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவவுக்கு மூன்று கட்டை மேலே. என் கை தன்பாட்டில் போனது. என்ன செய்கிறேன் என்று விளங்கும்போது மூன்று தாய்மார் மூன்று கட்டையில் தங்கள் பிள்ளையைக் கேட்டுவிட்டார்கள். போனில் ஏற்றித் தா என்று நின்றார்கள். ஏற்றிக் கொடுத்தேன். எப்படி மறுப்பது? நானே முதல் நாள் என்ரை நேசம் என்று வீதியில் நின்று அழுதவன்.

கடைசியில் அமராவதி அம்மா. உருத்திரபுரம். அவ மட்டும் கட்டையை மாற்றச் சொல்லவில்லை. உள்ளபடியே இரண்டு தரம் கேட்டா. ஹெட்போனைக் கழற்றித் துடைத்து என் கையில் தந்தா. "இது என்ரை பிள்ளை இல்லை. என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறாள். அவள் ஏன் உந்தப் பெட்டிக்குள்ளை இருக்கப்போறாள்?" என்றா. நான் சாமான்களைக் கட்டும்போது, "உதை ஆர் பதிஞ்சது?" என்று கேட்டா. கோகுலன் என்றேன். மடியிலிருந்த படத்தை நேராக்கி வைத்தா.

இப்போது அந்த மூன்று அம்மாமாரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்து, ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக் கேட்கிறார்கள். ஒருவரின் சத்தம் மற்றவருக்குக் கேட்காது. நான் அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன்.

நான் செய்தது சரியா? எனக்கு ஒரு பதில் எழுது. உன்னைவிட்டால் ஆரிடமும் கேட்க முடியாது.

ராஜரத்தினம்


ஸ்காபரோ
21.09.2025

அன்புள்ள ரத்தினம் அண்ணைக்கு,

நீங்கள் செய்தது சரியா என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நித்திரை இல்லை.

தட்டின் பிரதியை, ஒலியாக இல்லாமல், வெறும் எழுத்தாகத் திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாகக் குப்பை எழுத்துகள். பழைய பெட்டி ஒரு பெயரை அழித்து வேறு பெயர் எழுதினால் முதற்பெயரின் தடம் சிலவேளை எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். கிடந்தது அண்ணை. PRASHANTHINI.

கண்டவுடன் எல்லாம் வந்துவிட்டது. அன்றிரவே முதல் ஒலிக்கு அவள் பெயரைத்தான் போட்டேன். பன்னிரண்டு எழுத்து. பெட்டி நிரம்பிவிட்டது, இலக்கம் போட இடமில்லை. இலக்கம் இல்லாமல் இருபத்துநான்கையும் எப்படிப் பிரிப்பது? அழித்துவிட்டு NESAMALAR 01 என்று போட்டேன். அதற்கு அளவாக இடம் இருந்தது. சுருக்கிப் போட்டிருக்கலாம். அந்த யோசனைகூட வரவில்லை, அக்காவும் அப்படித்தானே கேட்டா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிரஷாந்தினி. உருத்திரபுரத்துப் பிள்ளைதான். தகப்பன் நெல் ஆலையில் வேலை. ஒருநாள் சைக்கிள் காற்றுப் போய் நான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தாய் வாசல் படலைக்குள் நின்று என் பெயரைக் கேட்டா.

கொட்டிலில் இருக்கிற படங்களில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தாயிடம் நீங்கள் சொல்லுங்கள் அண்ணை. என் சார்பில் மன்னிப்பும் கேளுங்கள். அவள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டவள். இனியாவது போடவேண்டும்.

அன்புடன்,
கோகுலன்


மாங்குளம்
26.09.2025

கோகுலன்,

பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தக் கொட்டிலில் அந்தப் பெயரில் ஒரே ஒரு படம்தான். அமராவதி அம்மாவின் மடியில் இருக்கிறது. சட்டம் போட்டு, கீழே கறுப்பு எழுத்தில் முழுப் பெயரும் எழுதியிருக்கிறது. வருசக் கணக்காக அந்தப் படத்துக்கு முன்னால்தான் நான் ஸ்பீக்கர் வயர் இழுத்தேன்.

இல்லை என்று சொன்னவவுக்குத்தான் அது பிள்ளை. கட்டையை மாற்றாமல் உள்ளபடியே கேட்டது அவ ஒருத்திதான். ஆர் பதிஞ்சது என்று கேட்டபோது அவவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஹெட்போனைத் துடைத்துத் தந்திருக்கிறா. பெட்டிக்குள் இருக்கிறாள் என்று ஒத்துக்கொண்டால் வெளியில் இல்லை என்று ஆகிவிடுமே. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். நானும் தாழ்ப்பாள் போடாதவன்.

மூன்று அம்மாமாரிடமும் நான் போய் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரே பிள்ளையை மூன்று பேருக்குக் கொடுத்தவன் நான். அந்தப் பாவம் என்னோடு. அதைத் திருப்பிப் பறிக்க எனக்குக் கை வராது.

இருபத்துமூன்று ஒலிக்கும் பெயர் மாற்றிவிட்டேன். புதிய மென்பொருளில் எவ்வளவு நீளப் பெயரும் பிடிக்கும். தமிழிலேயே போட்டேன். பதினாலை மட்டும் தனியாக எடுத்து இரண்டு பெயரும் போட்டு யதுவுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் அமராவதி அம்மாவிடம் நான் போகமாட்டேன். அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்டாள், நீதான் ஓம் என்றாய். பதிவில் இருக்கிறது. மன்னிப்பை ஈமெயிலில் இன்னொருவன் கையில் கொடுத்தனுப்புகிறாயே, இதென்ன கோயில் அர்ச்சனையா, பெயர் நட்சத்திரம் சொல்லிவிட? அவ உன்னைப் படலையில் கண்டவ. அவவுக்கு முன்னால் நீ வந்து நின்றால், அவ உன்னைத் திட்டலாம், அடிக்கலாம், உன்னைத் தெரியாது என்றும் சொல்லலாம். எதுவானாலும் உனக்குத்தான் சொல்லவேண்டும்.

நீ வரும்வரை உன்னுடைய ஒரு கடிதத்துக்கும் நான் பதில் எழுதமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்தால் நீ எழுதிக்கொண்டேயிருப்பாய்.

அமராவதி அம்மாவுக்கு எழுபத்துமூன்று வயது. நீரிழிவு, கால் வீங்கியிருக்கிறது. முந்தி கொட்டிலுக்கு ஒவ்வொரு நாளும் வருவா. இப்போது செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வருகிறா.

ராஜரத்தினம்